தொட்டாப்போச்சுக்கு வந்த அழைப்பு

பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருக்கத்தான் இருந்தது. ஆனால் சம்பளச் சீட்டைத் தாண்டி அது வெளியே வந்ததில்லை. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் 'தொட்டாப்போச்சு'. ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் கோடில் யாராவது கைவைக்கப் போனால் போதும், மனிதர் நாற்காலியோடு உருண்டு வந்து பக்கத்தில் நிற்பார். "தொடாதீங்க. தொட்டா போச்சு," என்பார். அதில் கோபம் இருக்காது. கொதிக்கிற பாத்திரத்துப் பக்கம் குழந்தை கை நீட்டுவதைப் பார்த்தவரின் பதற்றம்தான் இருக்கும்.

நாற்பதைத் தாண்டியவர். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத சாது. அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. தும்மினால்கூட யாரிடமாவது மன்னிப்புக் கேட்பது போலத்தான் தும்முவார். அப்படிப்பட்டவர் வேலை விஷயத்தில் மட்டும் தலைகீழாக நின்றாலும் இறங்கி வரமாட்டார்.

அவர்கள் செய்வது பள்ளிக்கூடங்களுக்கான மென்பொருள். ஒரு பிள்ளைக்குப் பள்ளியில் உடம்புக்கு முடியவில்லை என்றால், அங்கே ஒரு பொத்தானைத் தட்டுவார்கள். உடனே வீட்டாரின் போன் அடிக்கும், பதிவு செய்த குரல் ஒன்று விஷயத்தைச் சொல்லும். கேட்டவர் வருகிறேன் என்பதற்கு ஒன்றாம் எண்ணை அழுத்தினால் சரி. எடுக்கவில்லை, அல்லது துண்டித்தார் என்றால் இன்னொரு முறை முயலும். அப்புறம் அடுத்த ஆளுக்குப் போகும். யாருக்கு முதலில், யாருக்கு அடுத்து என்பதுதான் இதில் உயிர்நாடி.

ஜாவா என்ற கணினி மொழியில் எழுதியது. எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். ஆனால் புண்ணியவான், அடித்தளமாக நல்ல ஃபிரேம்வொர்க் ஒன்றைப் பார்த்து எடுத்திருந்தார். அந்த அழைப்பு சர்வீஸ் தனக்கு வேண்டியதைத் தானே தேடி அலையாது. ஃபிரேம்வொர்க் கொண்டுவந்து கையில் கொடுக்கும். அழைப்பு வரிசையும் அப்படித்தான் வரும். ஒவ்வொரு பள்ளிக்கும் மாட்யூல் என்று ஒரு தனித் துண்டு. அது 'என் பங்குக்கு இந்தப் படி, இந்த ஆளைக் கூப்பிடணும்' என்று ஒன்றைக் கொடுக்கும். கூடவே 'நான் அம்மாவுக்குப் பின்னால், உறவினருக்கு முன்னால்' என்று தான் நிற்க வேண்டிய இடத்தையும் சொல்லும். சர்வர் கண் விழிக்கும்போது ஃபிரேம்வொர்க் எல்லாப் பங்குகளையும் திரட்டி, வரிசையாக நிறுத்தி, சர்வீஸிடம் ஒப்படைக்கும். மூல கோடில் ஒரு புள்ளிகூட மாறாது. வேண்டியதைப் பக்கத்திலிருந்து சேர்க்கலாம், உள்ளே இருப்பதைத் தொட வேண்டியதில்லை. தொட்டாப்போச்சுக்கு இதைவிட அழகான விஷயம் உலகத்தில் கிடையாது.

அதிலும் ஒரு வில்லங்கம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். 'நான் காப்பாளருக்குப் பின்னால்' என்று ஒரு படி சொல்கிறது. அந்தக் காப்பாளர் படியையே யாரோ எடுத்துவிட்டார்கள் என்று வையுங்கள். ஃபிரேம்வொர்க் சத்தம் போடாது. இல்லாத ஆளுக்குப் பின்னால் எங்கே நிறுத்துவது என்று கண்ட இடத்தில் நிறுத்திவிட்டுப் போய்விடும். ஒரு பள்ளியில் அப்படித்தான் ஆயிற்று. கடைசியில் நிற்க வேண்டிய வேன் ஓட்டுநர் முதலில் வந்து நின்றுவிட்டார். பாவம் அந்த மனிதர், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறார், போன் வருகிறது: உங்கள் பொறுப்பில் உள்ள மாணவிக்கு உடல்நிலை சரியில்லை. வேனை ஓரங்கட்டிவிட்டு, ஒவ்வொரு பிள்ளையின் நெற்றியிலும் கைவைத்துப் பார்த்திருக்கிறார். எல்லோரும் சிரித்தார்கள். தொட்டாப்போச்சு சிரிக்கவில்லை. உண்மையில் காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு ஆள் வரத் தாமதமாயிற்றே என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சூடு கண்ட பூனையாகிவிட்டார் அன்றிலிருந்து. வரிசையில் எங்கே பிசகு என்றாலும் முதலில் தன் மேலேயே சந்தேகப்படுவார்.

வேலை போதும், வீட்டுக்கு வருவோம். கல்யாணம் அவருக்கு நடந்ததே ஒரு கூத்து. சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்துக்குப் போனார். ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்தார். ரத்தம் எடுக்க வந்த பெண்மணிதான் தலையைத் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தாள். சர்க்கரையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனாலும் அடுத்த மாதம் மறுபடி போய் நின்றார். "இப்ப எதுக்கு?" என்று கேட்டாள். "எதுக்கும் ஒருதடவை பாத்துக்கலாம்னு..." என்று இழுத்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. கணவனை இழந்தவள், ஒன்பதாம் வகுப்பில் ஒரு மகள். ஊசிக்கு மயங்குகிறவன் தன்னைக் கண்டு மயங்கியதாகச் சொல்லமாட்டான் என்று தெரிந்துகொண்டு, பேச்சை அவளே எடுத்தாள்.

அவர் குடிவந்த வீடு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வீடு. மகள் முதல் வகுப்புப் படிக்கும்போது போய்விட்ட அப்பாவின் நாற்காலி கூடத்தில் இருந்தது, சட்டைகள் அலமாரியில் இருந்தன, சுவரில் அவர் மாட்டிய கடிகாரம் இருந்தது. தொட்டாப்போச்சு என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? எதையும் தொடவில்லை. நாற்காலியில் உட்காராமல் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிவந்தார். அலமாரியில் இடம் கேட்காமல் கதவுக்குப் பின்னால் இரண்டு கொக்கி அடித்தார். கடிகாரம் கொஞ்சம் வேகமாக ஓடும், அதைத் திருத்துவாரா? ஊஹூம். இன்னொரு கடிகாரம் வாங்கி அதன் பக்கத்திலேயே மாட்டினார். வருகிறவர்கள் எல்லாம் இரண்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தங்கள் கையைப் பார்ப்பார்கள்.

"என்னங்க இது, ரெண்டு விதமா மணி காட்டுது வீடு?" என்று மனைவி சிரித்தாள்.

"அது இருக்கிறபடி இருக்கட்டும். அவளோட அப்பா வச்சது."

அவருடைய அன்பு அப்படி. உள்ளே இருப்பதைக் கலைக்கக்கூடாது, நம் பங்கைப் பக்கத்தில் சேர்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். மகளின் சைக்கிளுக்கு அவளுக்குத் தெரியாமல் விளக்குப் பொருத்துவார். பென்சில்களைச் சீவி டப்பாவில் போட்டுவைப்பார். அவள் அறைக் கதவு திறந்தே கிடந்தாலும் தட்டிவிட்டுத்தான் நிற்பார். அவளோ அவரை எந்த முறை வைத்தும் அழைத்ததில்லை. 'சித்தப்பான்னு கூப்பிடேன்' என்று அம்மா சொன்னபோது, "எங்கப்பாவுக்கு இவர் தம்பியா?" என்று பட்டென்று கேட்டாள். கேள்வி நியாயமானது. "விடு, அவளா வரப்ப வரட்டும்," என்றார் அவர். சொல்லிவிட்டாரே தவிர, ஒருநாளாவது அந்தப் பெண் தன்னைத் தன் ஆளாக நினைக்க மாட்டாளா என்ற ஏக்கம் அவரை அரித்துக்கொண்டேதான் இருந்தது. அதைத் தவிர அவருக்கு வேறு பெரிய ஆசை எதுவும் அந்த வருஷத்தில் இல்லை.

ஒரு சாயங்காலம் மகள் சொல்லாமல் கொள்ளாமல் தோழி வீட்டுக்குப் போய் நேரம் கழித்து வந்தாள். அம்மா பிடிபிடியென்று பிடித்தாள். மகளும் விடவில்லை, வீடு ரெண்டுபட்டது. நடுவில் மகள் ஒருமுறை திரும்பி அவரைப் பார்த்தாள். ஏதாவது சொல்லுங்களேன் என்பது போன்ற பார்வை. திட்டவாவது செய்யுங்களேன் என்றும் அதற்கு அர்த்தம் இருந்திருக்கலாம். மனிதர் என்ன செய்தார்? நைசாகச் சமையலறைக்குள் போய், கழுவிய பாத்திரத்தையே எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பாத்திரத்தாலேயே ஒரு தட்டுத் தட்டியிருப்பேன்.

அன்று படுக்கப் போகும்முன் மனைவி சொன்னாள்: "அவ என்ன சொன்னா தெரியுமா? 'அவர் நம்ம வீட்ல வாடகைக்கு இருக்கிற மாதிரி இருக்காரும்மா'ன்னா."

"நான் எதையும் கெடுத்துடக் கூடாதேன்னுதான்..." என்றார் அவர்.

"தெரியும். ஆனா அவளுக்குத் தெரியலையே."

இந்த நிலைமையில்தான் பள்ளியிலிருந்து புது வேலை வந்தது. வேறெந்தப் பள்ளியும் இல்லை, மகள் படிக்கிற அதே பள்ளி. தலைமையாசிரியை நேரிலேயே வந்தார். பெரிய வகுப்புப் பிள்ளைகள் கேட்கிறார்களாம்: எங்களுக்கு முடியலைன்னா யாரை முதல்ல கூப்பிடணும்னு நாங்களே சொல்லலாமா? சில வீடுகளில் அம்மா எங்கோ தூரத்தில் வேலை செய்கிறார். சில வீடுகளில் பிள்ளையை வளர்ப்பது அத்தை. பட்டியலில் முதலில் இருப்பவர் ஒருவர், பிள்ளை தேடுகிறவர் வேறொருவர். "நியாயம்தானே?" என்றார் தலைமையாசிரியை.

தொட்டாப்போச்சின் பக்கத்து மேசைக்காரி ஒருத்தி உண்டு. கெட்டிக்காரி, ஆனால் சுடுதண்ணீரைக் காலில் கொட்டிக்கொண்டவள் போலத்தான் எப்போதும் நடப்பாள். அவளுக்கு 'அவசரம்' என்றே பெயர். "இதென்ன பிரமாதம், மூல கோட்ல ஒரு இஃப் கண்டிஷன் போட்டா முடிஞ்சுது. மத்தியானத்துக்குள்ள குடுத்துடலாம்," என்றாள்.

நாற்காலி உருண்டது. "தொடாதே. தொட்டா போச்சு. மத்த பள்ளிக்கூடமெல்லாம் இதே கோட்லதான் ஓடுது. வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்காதே."

"நான் வேட்டி கட்டுறதில்ல சார்."

தலைமையாசிரியைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தொட்டாப்போச்சு மட்டும் மிகத் தீவிரமாக விளக்கினார். அந்தப் பள்ளியின் மாட்யூலில் புதிதாக ஒரு படி: 'மாணவர் விருப்பம்'. அது தன் இடத்தைச் சொல்லும்போது, எல்லோருக்கும் முன்னால் என்று சொல்லும். பிள்ளை யாரையாவது தேர்ந்தெடுத்திருந்தால் அவருக்கு முதல் அழைப்பு. இல்லாவிட்டால் அந்தப் படி வாயை மூடிக்கொண்டு வழிவிடும், பழைய வரிசை பழையபடி போகும். ஏற்கெனவே பள்ளியில் பதிந்துள்ள எண்களில் இருந்துதான் தேர்ந்தெடுக்கலாம். அம்மாவோ அப்பாவோ போனில் சம்மதம் சொல்ல வேண்டும். இன்னொரு விதியும் வைத்தார்: வருஷத்துக்கு ஒருமுறைதான் தேர்வு, இடையில் மாற்ற முடியாது.

"அது எதுக்கு?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

"வீட்ல சண்டை வந்தா அன்னிக்கே மாத்திடுவாங்க. அடுத்த நாள் சமாதானம் ஆனதும் மறுபடி மாத்துவாங்க. யோசிச்சுப் போடட்டும்."

நிதானமாக எழுதினார். எழுதியதைவிடச் சோதித்ததுதான் அதிகம். சோதிக்க ஒரு போன் வேண்டுமே. தன் எண்ணையே போட்டுக்கொண்டார். அந்த வாரம் முழுக்க அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. "வணக்கம். உங்கள் பொறுப்பில் உள்ள மாணவிக்கு உடல்நிலை சரியில்லை..." என்று அந்தக் குரல் ஆரம்பிக்கும், அவர் துண்டிப்பார், வரிசை அடுத்த படிக்குப் போகிறதா என்று பார்ப்பார். பேருந்தில், கழிப்பறை வாசலில், காய்கறிக் கடையில் எல்லாம் அந்தக் குரல்தான். அவசரம் அந்தக் குரலைப் போலவே பேசிக் காட்டி அவரைப் பாடாய்ப் படுத்தினாள். கடைசியில் எல்லாம் சரியென்று ஆனதும் பள்ளிக்குக் கொடுத்தார்கள். யார் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது பள்ளிக்குள் இருக்கிற விஷயம். கோளாறு என்று அழைப்புப் பதிவுகளைத் தோண்டினால் தவிர இவர்கள் கண்ணுக்கு வராது. அவருக்குத் தெரிந்தவரை, தன் மகளின் பட்டியலில் அம்மா முதலில், தான் கடைசி. 'எல்லோருக்கும் பின்னால்' என்று மனைவியிடம் சொல்லி அப்படிப் போடச் சொன்னதும் அவரே.

சில வாரங்கள் போயின. ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவுடன் போன் அடித்தது.

"வணக்கம். உங்கள் பொறுப்பில் உள்ள மாணவிக்கு உடல்நிலை சரியில்லை. பள்ளிக்கு வர இயலுமானால் ஒன்றை..."

பழக்கதோஷம். விரல் தானாகப் போய்த் துண்டித்துவிட்டது. துண்டித்த பிறகுதான் மண்டையில் உறைத்தது: சோதனை முடிந்து எத்தனை நாள் ஆகிறது! இப்போது இந்த அழைப்பு எங்கிருந்து வருகிறது?

உங்களுக்கும் எனக்கும் அந்த அழைப்பு வந்திருந்தால் என்ன செய்திருப்போம்? ஐயோ பிள்ளைக்கு என்ன ஆச்சோ என்று செருப்பைக்கூட மாட்டாமல் ஓடியிருப்போம். ஆனால் இவர் தொட்டாப்போச்சு. கடைசியில் நிற்க வேண்டிய தன் எண் முதலில் வந்திருக்கிறது என்றால் அது கோளாறு; வேறு எதுவாகவும் இருக்க அவருடைய கணக்கில் இடமே இல்லை. வேன் ஓட்டுநர் கண்முன் வந்து நின்றார்.

"போச்சு!" என்று கத்தினார். அவர் கத்தி யாரும் கேட்டதில்லை என்பதால் தளமே திரும்பிப் பார்த்தது. "என் டெஸ்ட் நம்பர் லைவுக்குள்ள போயிருக்கு. இனிமே எந்தப் பிள்ளைக்கு முடியலைன்னாலும் எனக்குத்தான் போன் வரும். சர்வீஸை நிறுத்தணும், உடனே நிறுத்தணும்!"

"நிறுத்துறதா? ஓடிட்டிருக்கிறதை தொட்டா போச்சு சார்," என்றாள் அவசரம்.

"விளையாடாதேம்மா!"

அவர் நிஜமாகவே நிறுத்தப் போவதைப் பார்த்ததும் அவள் விளையாட்டை விட்டாள். இருவரும் அழைப்புகள் பதிவாகும் லாகைத் திறந்தார்கள். அதற்குள் போன் மறுபடி அடித்தது. மறுபடி துண்டித்தார். திரையில் வரிசை அழகாக நின்றது: 'மாணவர் விருப்பம்' முதலில், அதன் பின்னால் மற்றவை, எல்லாம் அதனதன் இடத்தில். பிசகே இல்லை. விருப்பம் படியில்தான் அவருடைய எண் பொருந்தியிருந்தது.

"பாத்தியா, சொன்னேன்ல? எவ்வளவு பேருக்கு இப்படிப் போயிருக்கோ..."

அவசரம் தேடிப் பார்த்தாள். "லாக்ல பேர் வராது, ஆனா ஒரே ஒரு மாணவிக்குத்தான் சார். வேற யாருக்கும் உங்க நம்பர் இல்ல." திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். "டெஸ்ட் நம்பர் தப்பிப் போயிருந்தா எல்லாருக்கும்ல போயிருக்கணும்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் போன் மூன்றாவது முறையாக அடித்தது. இந்தமுறை குரல் வேறு. மனைவி.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"ஆபீஸ்லதான். லைவ்ல ஒரு கோளாறு, அப்புறமா..."

"கோளாறா? அவளுக்குக் காய்ச்சலாம், ஸ்கூல்லேர்ந்து எனக்கு போன் வருது. எனக்கு ஏன் வருது? உங்களுக்குத்தானே முதல்ல வந்திருக்கணும்? நீங்க எடுக்கலையா?"

"எனக்கு எதுக்கு முதல்ல வரணும்?"

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "அவ உங்களைத்தாங்க போட்டிருக்கா. என்கிட்ட சம்மதம் கேட்டப்ப நான்தான் சரின்னு சொன்னேன். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. வருஷத்துக்கு ஒரு தடவைதான் போட முடியும்னு எத்தனை நாள் யோசிச்சா தெரியுமா? சாப்பிடுறப்பகூட உங்களை ஓரக்கண்ணால பாத்துக்கிட்டே இருப்பா. நீங்க எங்க கவனிச்சீங்க?"

அவர் எந்த ஒன்றுக்காக ஏங்கிக் கிடந்தாரோ அது வீடு தேடி வந்து கதவைத் தட்டியிருக்கிறது. அதைத்தான் கோளாறு என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

"நான் கட் பண்ணிட்டேன்," என்றார்.

"என்னது?"

"ரெண்டு தடவை."

"அட மனுஷா!" என்றாள் மனைவி. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கையில வேலை இருக்கு, ஆனா சொல்லிட்டு வந்துடுறேன். நான் போகட்டுமா?"

"வேண்டாம். நான் போறேன்," என்றார். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளிடம் அவர் சொன்ன முதல் 'வேண்டாம்' அதுதான் என்று நினைக்கிறேன்.

அவசரம் அதற்குள் அவர் பையை எடுத்துக் கையில் திணித்திருந்தாள். "ஓடுங்க சார். லாக் எங்கயும் போயிடாது."

பள்ளியின் நோயறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஒற்றைக் கட்டில், மருந்து அலமாரி, எடைபார்க்கும் இயந்திரம். வாசலில் உட்கார்ந்திருந்த தாதி மூச்சுவாங்க வந்தவரை மேலும் கீழும் பார்த்தாள். "ரெண்டு தடவை கட் பண்ணது நீங்கதானா?" என்று கேட்டாள். பேசாமல் ஒரு அறை கொடுத்திருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். போர்வை காதுவரை ஏறியிருந்தது.

"வந்துட்டேன்மா," என்றார்.

போர்வை இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

"காய்ச்சல் ரொம்ப இருக்கா?"

"அம்மா எங்க?"

"அம்மா வேலையில இருக்கா. நான்தான் வரேன்னு சொன்னேன்."

"எதுக்கு? உங்களுக்குத்தான் வேலை இருக்கே. கட் பண்ற அளவுக்கு வேலை." குரல் கம்மியிருந்தது. காய்ச்சலால் மட்டும் அல்ல என்று அவருக்கே புரிந்தது.

சமாதானம் சொல்லத் தெரிந்த மனிதரா அவர்? பொய் சொல்லவும் வராது. பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து நடந்ததை நடந்தபடியே சொன்னார். "நான் கோளாறுன்னு நினைச்சுட்டேன்."

"எது கோளாறு?"

"என் நம்பர் முதல்ல வந்தது."

அவள் மெல்லத் திரும்பினாள். கண் சிவந்து, மூக்கு சிவந்து, முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. "நான்தான் போட்டேன்."

"அம்மா இப்பதான் சொன்னா."

"அப்ப, நான் உங்களைக் கூப்பிட்டா அது கோளாறா?"

அவர் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார். "தப்புதான்மா. பெரிய தப்பு. நான் கடைசியில நிக்கிற ஆளுன்னே நினைச்சுட்டேன். நீ என்னை முன்னாடி கூப்பிடுவேன்னு... எனக்குத் தோணவே இல்ல. இனிமே கட் பண்ணமாட்டேன். சத்தியமா பண்ணமாட்டேன்."

பெரிய மனிதர் ஒருவர் அழுவதை அந்தப் பெண் அதற்குமுன் பார்த்ததில்லை போலும். சங்கடமாகப் போர்வையின் நுனியைத் திருகினாள். "அம்மா ரத்தம் எடுக்கிறப்ப போனை எடுக்க முடியாது, அதான் உங்களைப் போட்டேன்," என்றாள். போர்வை நுனியை விட்டுவிட்டு, "அது மட்டும் இல்ல," என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. அவரும் கிளறவில்லை. ஆனால் இந்தமுறை ஒதுங்கிப் போகவும் இல்லை. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் எழுந்து நிற்கத் தடுமாறியபோது தோளைப் பிடித்துக்கொண்டார்.

வாடகைக் காரில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். பாதி வழியில் அவள் ஜன்னலிலிருந்து தலையை எடுத்து, "நாளைக்கு வாலிபால் மேட்ச் இருக்கு. காலையில சரியாயிடும், நான் போவேன்," என்றாள்.

வழக்கமாக இந்த இடத்தில் அவர் சொல்வது 'அம்மாவைக் கேட்டுக்கோ' என்பது. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தும் விட்டது. அவள் கன்னம் காய்ச்சலில் பழுத்திருந்தது.

"போகக் கூடாது," என்றார்.

"என்னது?"

"நாளைக்கு மேட்ச் கிடையாது. ரெண்டு நாளைக்கு வெளிய எங்கயும் போகக் கூடாது."

சொல்லிவிட்டு அவரே அரண்டுபோனார். அவள் முகம் ஜிவ்வென்று சிவந்தது. "நான்தான் டீம்ல சர்வ் போடுறேன். நான் இல்லாம எப்படி விளையாடுவாங்க? அதெல்லாம் சொல்றதுக்கு நீங்க யாரு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். நிறுத்தாமல் என்ன செய்வாள்? அந்தக் கேள்விக்குப் பள்ளிக்கூடத்தில் பதில் போட்டுவைத்தவளே அவள்தானே. உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். வீடு வரும்வரை திரும்பவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அறைக்குள் போய்க் கதவைப் படாரென்று சாத்தினாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவர் கூடத்து நடுவில் கையில் மருந்துப் பையோடு நின்றார். ஒரே நாளில் கிடைத்ததை ஒரே நாளில் கெடுத்துக்கொண்டோமே என்று தன்னையே நொந்துகொண்டார். மனைவி வந்து சேர்ந்தபோதும் அப்படியேதான் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு?"

"நாளைக்கு மேட்ச்சுக்குப் போகக் கூடாதுன்னு சொல்லிட்டேன். கோவிச்சுக்கிட்டா. கதவைச் சாத்திட்டா."

"உங்க மேலயா கோவிச்சுக்கிட்டா?" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என் மேலதான் இத்தனை நாளா கதவைச் சாத்துவா. உங்ககிட்ட ஒருநாள் சாத்தியிருக்காளா? வாடகைக்கு இருக்கிறவங்க மேல யாருங்க கோவிச்சுப்பாங்க?"

அவருக்கு அது ஆறுதலாக இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. பாத்திரத்தைக் கழுவப் போகவும் தோன்றவில்லை. மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி இரண்டுமுறை உள்ளே போய் மாத்திரை கொடுத்து, காய்ச்சலைப் பார்த்துவிட்டு வந்தாள். "குறையுது," என்றாள். "உம்முனு இருக்கா. ஆனா மேட்ச்சுக்குப் போகணும்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை பாருங்க."

கொஞ்ச நேரத்தில் அறையிலிருந்து குரல் வந்தது. "தண்ணி வேணும்!"

மனைவி எழுந்து தம்ளரை எடுத்தாள்.

"அம்மா, நீ வராதே!" என்று மறுபடி குரல். "போகக் கூடாதுன்னு சொன்னாரே, அவரைக் கொண்டுவரச் சொல்லு!"

மனைவி தம்ளரில் தண்ணீரை நிரப்பி அவர் கையில் வைத்தாள். அவர் அப்போதும் நம்பமுடியாமல் அவளையே பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கறீங்க? உங்களைத்தான் கூப்பிடுறா, போங்க," என்றாள். "இதையாவது கட் பண்ணாம இருங்க."